தலைச்சன், நடுப்பிள்ளை, கடைக்குட்டி: மன உளைச்சலுக்குப் பிறப்பு வரிசை காரணமா?

(தில்லி புசா ரோட்டில் நடந்த நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்டதால் எழுதிக் கொடுத்தது.)

 

ஒரு வீட்டில் எத்தனாவது குழந்தையாகப் பிறந்தோம் என்பதைப் பொறுத்து, கஷ்டம் வரும்போது நாம் தாங்கும் விதம் மாறுமா? இதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. செயலாளர் போனில் சொல்லும்போது, "மாமி, முப்பது வருஷம் ஸ்கூலில் மனோதத்துவம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள், அரை மணியில் முடித்து விடுவீர்கள்" என்றார். பின்னால் டிபன் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். முடித்து விடுகிறேன்.

முதலில், இங்கே வீட்டுக்கு மூத்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். கூட்டம் போட்டால் மூத்தவர்கள்தான் முதலில் வந்து நாற்காலி போடுவார்கள் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நாம் இன்றைக்குக் கொஞ்சம் பரிசீலிக்கப் போகிறோம்.

நம்முடைய பாஷையே இந்த வரிசையை மறக்க விடாது. இங்கிலீஷில் 'பிரதர்' என்றால் மூத்தவனா இளையவனா என்று தனியாகக் கேட்க வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அண்ணா, தம்பி, அக்கா, தங்கை என்று வார்த்தையிலேயே வயசு இருக்கிறது. அண்ணாவின் மனைவி மன்னி, அக்காவின் கணவர் அத்திம்பேர் என்று கல்யாணமாகி வருகிறவர்களுக்கும் அதே வரிசையில் இடம் கொடுத்து விடுகிறோம். இவையெல்லாம் கூப்பிடும் பெயர்கள் மட்டும் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் உத்தியோகம். "அண்ணா" என்று கூப்பிடும்போதே "நீ பார்த்துக் கொள்" என்பதும் அதில் சேர்ந்து வருகிறது.

தில்லிக்கு நம்மவர்கள் வந்த கதையும் பெரும்பாலும் மூத்த பிள்ளையின் கதைதான். ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பும் ஷார்ட்ஹாண்டும் பாஸ் செய்துவிட்டு, ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி வந்தார்கள். செக்ரடேரியட்டில் வேலை, கரோல்பாக்கில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை, மெஸ் சாப்பாடு, மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர். தங்கைகளின் கல்யாணம் ஆன பிறகுதான் தன் கல்யாணம். தம்பியை வரவழைத்து, தன் அறையிலேயே தங்க வைத்து, இன்டர்வியூவுக்குத் தன் சட்டையைக் கொடுத்து அனுப்பிய அண்ணாக்கள் எத்தனையோ பேர். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படி ஓர் அண்ணாவால் இங்கே வந்து சேர்ந்தவர்கள்.

அந்த அண்ணாக்களைப் பார்த்துத்தான் நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். மூத்தவன் பொறுமைசாலி, எதையும் தாங்குவான். நடுவில் பிறந்தவன் தனி வழி. கடைக்குட்டி செல்லம், ஒரு கஷ்டமும் தாங்காது. இது பிறவிக் குணம் என்றே நாம் நினைக்கிறோம். நிஜமாகவே அப்படித்தானா?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வியை முதலில் பெரிதாக எழுப்பியவர் வியன்னாவைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ஆட்லர் என்ற மனநல மருத்துவர். 1870-ல் பிறந்தவர். அவரே வீட்டில் இரண்டாவது பிள்ளை. தலைச்சன் குழந்தை கொஞ்ச காலம் ஒற்றை ராஜாவாக இருக்கிறது, தம்பி பிறந்ததும் சிம்மாசனம் போய்விடுகிறது, அந்த அதிர்ச்சி அதன் மனசில் தங்குகிறது என்றார் அவர். அதோடு இன்னொன்றும் சொன்னார். அதைப் பலர் மறந்து விட்டார்கள். குணத்தை உருவாக்குவது ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண் அல்ல, அந்தக் குழந்தை வந்து சேர்கிற வீட்டின் நிலைமைதான் என்பது அவருடைய கருத்து.

பிறகு 1959-ல் ஸ்டான்லி ஷாக்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சோதனையை வெளியிட்டார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்து மாணவிகளிடம், உங்களுக்குக் கடுமையான மின்சார அதிர்ச்சி கொடுக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். உண்மையில் கொடுக்கவில்லை, பயமுறுத்தியதோடு சரி. கருவியைத் தயார் செய்யப் பத்து நிமிஷம் ஆகும், அதுவரை தனியாக உட்காருகிறீர்களா, மற்றவர்களோடு உட்காருகிறீர்களா என்று கேட்டார்கள். அதிகம் பயந்தவர்களில், மூத்த பெண்களும் ஒரே பெண்ணாகப் பிறந்தவர்களும்தான் துணையை அதிகம் நாடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் இது சரியாக வந்தது, சிலவற்றில் வரவில்லை. ஆனாலும் ஒன்றை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். மூத்தவர் எதையும் தனியாகத் தாங்குவார் என்பது நாம் வைத்துக்கொண்ட நம்பிக்கை. அந்தச் சோதனையில் பயம் வந்தபோது முதலில் துணை தேடியவரே மூத்தவர்தான்.

இப்படி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. 1983-ல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அறிஞர்கள், எர்ன்ஸ்ட், ஆங்ஸ்ட் என்பவர்கள், அவற்றையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். முக்கால்வாசி முடிவுகளில் ஓர் அடிப்படைக் கோளாறு இருந்தது. அது என்ன என்று நம் பாணியில் சொல்கிறேன். ஐந்தாவது பிள்ளை என்று ஒருவர் இருந்தால் அந்த வீட்டில் குறைந்தது ஐந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். தலைச்சன் என்பவர் ஒரே பிள்ளை உள்ள வீட்டிலும் இருப்பார். இரண்டு பேரையும் ஒப்பிட்டால் நாம் ஒப்பிடுவது பிறப்பு வரிசையையா, சின்னக் குடும்பத்தையும் பெரிய குடும்பத்தையுமா? வருமானம், இடவசதி, அம்மாவின் உடம்பு எல்லாம் அதில் கலந்து விடுகிறது.

இன்னொரு கோளாறு வயசு. பன்னிரண்டு வயசு அக்காவையும் ஏழு வயசுத் தம்பியையும் பார்த்து, "அவள் எவ்வளவு பொறுப்பு, இவன் எவ்வளவு விளையாட்டு" என்கிறோம். அவன் பன்னிரண்டு வயசில் எப்படி இருப்பான் என்று பார்க்கக் காத்திருப்பதில்லை.

இந்தக் கோளாறுகளைக் கூடியவரை நீக்கி 2015-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி மூன்று நாடுகளிலும் 20,000-க்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. அதில் 'உணர்ச்சி நிதானம்' என்று ஓர் அளவு உண்டு. பதற்றம், கவலை, நெருக்கடியில் கலங்குவது எல்லாம் அதில் அடக்கம். நம் தலைப்பே அதுதான். மூத்தவருக்கும் இளையவருக்கும் அதில் வித்தியாசம் தென்படவில்லை. இன்னொன்று அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,77,000 பேரைப் பற்றியது. அதிலும் குணத்தில் கண்ட வித்தியாசம் நடைமுறையில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சின்னது. 2024 கடைசியில் கனடாவிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வந்த ஆய்வில், நடுவில் பிறந்தவர்களிடமும் கடைசியில் பிறந்தவர்களிடமும், பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர்களிடமும் அடக்கமும் விட்டுக்கொடுக்கும் சுபாவமும் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. அதுவும் கொஞ்சம்தான்.

"ராமன் மூத்தவன், அதனால்தான் வனவாசம் என்றதும் கலங்கவில்லை" என்று முன்வரிசையில் ஒரு மாமா மெதுவாகச் சொல்வது என் காதில் விழுகிறது. வாஸ்தவம். ஆனால் கைகசி பெற்ற பிள்ளைகளில் ராவணனும் மூத்தவன்தானே, மாமா? நிதானமாக யோசித்தவன் தம்பி விபீஷணன். ஒரே காவியத்தில் இரண்டு மூத்தவர்கள். வரிசை எண் ஒன்றுதான், குணம் வேறு வேறு.

எண்ணா, ஸ்தானமா?

அப்படியானால் பிறப்பு வரிசைக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது.

2007-ல் நார்வே நாட்டில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 2,40,000 இளைஞர்களின் புத்தி அளவைப் பார்த்தார்கள். மூத்தவர்களுக்கு இரண்டு மூன்று புள்ளிகள் கூடுதல். அது உடம்பு சம்பந்தப்பட்டதா, கர்ப்பத்திலேயே வருவதா என்று கேள்வி வந்தது. அதற்காக, மூத்த குழந்தை சிறு வயசிலேயே தவறிப் போய், இரண்டாவதாகப் பிறந்தவன் மூத்தவனாக வளர்ந்த வீடுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய அளவு மூத்தவர்களின் அளவாகவே இருந்தது. அதாவது காரணம் பிறந்த எண் அல்ல, வளர்ந்த ஸ்தானம்.

இது புத்தியைப் பற்றியது. நம் வாழ்க்கையில் மற்றதற்கும் இதுவே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். 1974-ல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தபோது பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதில் கவிதாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவன் குடித்துவிட்டுத் திரிகிறான். அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். குடும்பத்தைச் சுமக்கிறவள் கவிதா. பிறந்த வரிசையில் அவள் தங்கை, அந்த வீட்டின் ஸ்தானத்தில் அவள்தான் மூத்த பிள்ளை. அவளுடைய கோபமும் கண்டிப்பும் அந்த ஸ்தானத்திலிருந்து வந்தவை.

இது நமக்குப் புது விஷயமும் அல்ல. ஐதரேய பிராமணத்தில் சுனச்சேபன் கதை இருக்கிறது. அஜீகர்த்தர் என்ற ஏழை பிராமணருக்கு மூன்று பிள்ளைகள். வருணனுக்குச் செய்ய வேண்டிய யாகத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஹரிச்சந்திரனின் மகன் ரோஹிதன் வந்து கேட்கிறான். மூத்தவனைத் தரமாட்டேன் என்று அப்பா பிடித்துக்கொள்கிறார். கடைசிப் பிள்ளையைத் தரமாட்டேன் என்று அம்மா பிடித்துக்கொள்கிறாள். நடுப்பிள்ளை சுனச்சேபன் நூறு பசுவுக்கு விற்கப்படுகிறான். நடுப்பிள்ளையின் மனவேதனைக்கு இதைவிடப் பழைய சாட்சி எங்கே இருக்கிறது?

கதை அங்கே முடியவில்லை. யூபத்தில் கட்டப்பட்ட அந்தப் பையன் தேவதைகளைத் துதிக்கிறான், கட்டுகள் அவிழ்கின்றன. விச்வாமித்திரர் அவனைத் தம் பிள்ளையாக, அதிலும் மூத்த பிள்ளையாக ஏற்றுக்கொண்டு தேவராதன் என்று பெயர் வைக்கிறார். அவருக்கு ஏற்கெனவே நூற்றொரு பிள்ளைகள். அதில் மூத்த ஐம்பது பேர் ஒப்புக்கொள்ளவில்லை, சாபம் வாங்கினார்கள். நடுவில் இருந்த மதுச்சந்தஸும் அவருக்கு இளையவர்களும் ஒப்புக்கொண்டார்கள். விச்வாமித்திர கோத்திரத்துக்காரர்கள் சிலருடைய பிரவரத்தில் அந்தத் தேவராதர் பெயர் இன்றும் வருகிறது. விற்கப்பட்ட நடுப்பிள்ளை மூத்தவன் ஆனான். ஜ்யேஷ்டன் என்பது கொடுக்கப்படும் ஸ்தானம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ரோட்டின் பெயரையே பாருங்கள். புசா என்பது பீகாரில் ஓர் ஊர். 1905-ல் அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமாகி, 1936-ல் நிலையம் தில்லிக்கு வந்தது. வேலை இடம் மாறியதும் பெயரும் கூடவே வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. மூத்தவர் என்ற பெயரும் அப்படித்தான். யார் வேலையைச் செய்கிறாரோ அவரிடம் அது போய்ச் சேரும்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன், பெருமைக்காக அல்ல, உதாரணத்துக்காக. பிறந்த வீட்டில் நான் நடுப்பெண். மேலே அண்ணா, அக்கா, கீழே தம்பி. அந்த வீட்டில் ஏதாவது நெருக்கடி என்றால் என் வேலை அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, நாலு பேரைச் சிரிக்க வைப்பது. முடிவெடுப்பதெல்லாம் அண்ணாவும் அக்காவும்தான். கல்யாணமாகி வந்த வீட்டில் நான் மூத்த மாட்டுப்பெண். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இரண்டு மச்சினர்கள், ஒரு நாத்தனார், ஓர்ப்படிகள் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வராது, பி.பி. ஏறும், சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று விழுவேன். அதே மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனால் மறுபடியும் பழைய நடுப்பெண், அதே தமாஷ். உடம்பு ஒன்று, மனசு ஒன்று. இரண்டு வீட்டில் இரண்டு விதம். பிறப்பு வரிசைதான் காரணம் என்றால் ரயில் ஏறியதும் அது மாறுமா?

பொறுப்பும் அதிகாரமும்

இங்கே சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறையப் பேர் இருப்பதால் அடுத்ததாக ஒன்று சொல்கிறேன். லண்டனில் 1967 முதல் சுமார் 18,000 சர்க்கார் ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மேலதிகாரிகளுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் மாரடைப்பு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். முடிவு தலைகீழ். மிகக் கீழ்நிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் மேல்நிலையில் இருந்தவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணமும் தெளிவாயிற்று. தன் வேலையைப் பற்றித் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் குறைந்தவர்களுக்கு இருதய நோய் அதிகம். வேலைப் பளு மட்டும் மனிதனை நசுக்குவதில்லை. பளு தன் தலையில், முடிவு இன்னொருவர் கையில் என்ற நிலைமைதான் நசுக்குகிறது.

இதை நம் வீட்டு மூத்த பெண்ணோடும் மூத்த மாட்டுப்பெண்ணோடும் வைத்துப் பாருங்கள். கூடப் பிறந்தவர்களைப் பார்த்துக்கொள்வது அவள், ஆனால் அவள் என்ன படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேறு யாரோ. ச்ராத்தத்துக்கு மடி சமையல் அவள், தேதி சௌகரியம் பேசுவது மற்றவர்கள். மாமியாரின் மாத்திரை நேரம் அவளுக்குத் தெரியும், எந்த டாக்டரிடம் போவது என்பது அமெரிக்காவிலிருந்து வரும் போனில் முடிவாகும். பொறுப்பு இங்கே, அதிகாரம் அங்கே. அவள் எரிச்சல்படுகிறாள் என்றால் பிறவிக் குணம் என்று சொல்லாதீர்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போய்விட்டது. 2005 திருத்தத்தில் ஹிந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பிள்ளைக்குச் சமமான உரிமை வந்தது. அதை வைத்து 2015 டிசம்பரில் நம் தில்லி ஹைகோர்ட், குடும்பத்தில் எல்லாருக்கும் மூத்தவர் பெண்ணாக இருந்தால் அவரே கர்த்தாவாக இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அது பிள்ளை, பெண், பேரன், பேத்தி எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. மூத்த பிள்ளை என்ற வார்த்தைக்கு அங்கே தனி இடம் இல்லை.

குழந்தைகளிடம்

தலைச்சனுக்குக் கிடைக்கும் சலுகையையும் மறைக்கக் கூடாது. சீமா ஜெயச்சந்திரன், ரோஹிணி பாண்டே என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியைகள் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியக் குழந்தைகளையும் ஆப்பிரிக்கக் குழந்தைகளையும் உயரத்தில் ஒப்பிட்டபோது, நம் தலைச்சன் குழந்தைகள் பின்தங்கவில்லை. இரண்டாவது குழந்தையிலிருந்துதான் உயரம் குறைகிறது, மூன்றாவதில் இன்னும் குறைகிறது. மூத்த பிள்ளையின் மேல் நாம் வைக்கும் ஆசை காரணங்களில் ஒன்று என்கிறார்கள். முதலில் பாலும் பழமும் அதிகம் கொடுக்கிறோம், பிறகு அதே பிள்ளையின் தோளில் வீட்டையே ஏற்றி வைக்கிறோம். இரண்டுமே நாம் செய்வதுதான்.

இந்த ரோட்டை ஒட்டி ராஜேந்திர நகரில் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கும் பையன்களும் பெண்களும் நிறைந்திருக்கிறார்கள். நம் ஊர்க் குழந்தைகளும் உண்டு. 2024 பரீட்சையில் முதல் கட்டம் எழுதியவர்கள் 5,83,213 பேர், முடிவில் தேர்வானவர்கள் 1,009 பேர். பொதுப் பிரிவில் ஆறு தடவைதான் எழுதலாம், வயசு வரம்பு 32. சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு ரசம் சாதம் சாப்பிட வரும் குழந்தைகளைக் கவனிக்கிறேன். ஊரிலிருந்து போன் வந்தால் மூத்த பிள்ளையாக இருப்பவன், "எல்லாம் நன்றாகப் போகிறது, நீங்கள் மாத்திரை சாப்பிட்டீர்களா" என்று கேட்டுவிட்டு வைத்து விடுவான். தட்டில் சாதம் அப்படியே இருக்கும். இன்னொரு பெண் வீட்டில் கடைசி. "அம்மா, என்னால் முடியலை" என்று போனிலேயே அழுது தீர்ப்பாள், பிறகு இரண்டு கரண்டி அதிகம் சாப்பிடுவாள். யார் அதிகம் தாங்குகிறார்கள்? அழுதவள் பலவீனம், அழாதவன் பலசாலி என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு அழ அனுமதி உண்டு. அவனுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகையால் மூத்த குழந்தையிடம், "நீயே இப்படிக் கலங்கினால் எப்படி?" என்று கேட்காதீர்கள். கடைசிக் குழந்தையை, "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று வந்தவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். நாம் சொல்வதை அவர்கள் நம்பி விடுகிறார்கள்.

வரன் பார்க்கும்போது

நம் பத்திரிகையின் வரன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'பொறுப்பு இல்லாத பிள்ளை' என்று போடுகிறார்கள். தங்கை கல்யாணம் பாக்கி இல்லை, பெற்றோர் பாரம் இல்லை என்று அர்த்தம். அச்சில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மூத்த பிள்ளை என்றால் பெண் வீட்டார் யோசிக்கிறார்கள். கேட்டை நட்சத்திரப் பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்று வரிசையை வைத்தே நல்ல ஜாதகங்களைத் தள்ளுகிறோம். அவரவர் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன். "பிள்ளை மூத்தவனா?" என்பதோடு, "உங்கள் வீட்டில் பொறுப்பை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெண்ணின் நிம்மதி இரண்டாவது கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தில்லியில் 1.6, தமிழ்நாட்டில் 1.8. நம் வீடுகளில் ஒன்றோடு நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு குழந்தைதான் தலைச்சன், அதுவே கடைக்குட்டி. ஐந்து பேர் சுமந்ததை ஒருவர் சுமக்கிறார். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பியே இல்லாதவர்கள் என்ன செய்வது? அதனால் சில யோசனைகள்.

ஒன்று. வயதான பெற்றோரின் காரியங்களைக் காகிதத்தில் எழுதுங்கள். பணம், வைத்தியம், வங்கி, வீட்டு ரிப்பேர், தினமும் ஒரு போன், ச்ராத்த ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர். எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே பெயர் வந்தால் அந்தக் குடும்பம் சரியாக இல்லை.

இரண்டு. யாரிடம் வேலை இருக்கிறதோ அவரிடமே முடிவையும் விடுங்கள். வைத்தியம் தங்கை பொறுப்பு என்றால் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதும் தங்கைதான். தூரத்தில் இருப்பவர்கள் யோசனை சொல்லலாம், ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் மாமியார் விஷயத்தில் இப்படித்தான் செய்தோம். கடைசி மச்சினர், எல்லாராலும் குழந்தை என்று சொல்லப்பட்டவர், வைத்தியப் பொறுப்பை முழுக்க எடுத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயசில் அவருக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தது. பிரமாதமாகச் செய்தார். நான் தூங்கினேன்.

மூன்று. மூத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி செய்தால் சரியாக வராது என்று நீங்களே பிடுங்கிக்கொண்டு செய்வதை விடுங்கள். முதல் தடவை சுமாராகத்தான் வரும். நமக்கும் அப்படித்தான் வந்தது.

நான்கு. ஒரே குழந்தை உள்ளவர்கள் அத்தை பிள்ளை, அம்மாஞ்சி, சித்தி பெண் என்ற உறவுகளைக் கல்யாணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கடியில் கூப்பிட இரண்டு பெயர்கள் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒன்று அந்தந்த ஊர்க் கிளையில் இருக்கும் ஓர் அங்கத்தினராகவும் இருக்கலாம். சங்கம் எதற்காக இருக்கிறது?

ஐந்து. தூக்கம் கெடுவது, காரணமில்லாத கோபம், சாப்பாட்டில் வெறுப்பு, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். அதில் வெட்கம் வேண்டாம். மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி சேவையின் எண் 14416. தமிழிலும் பேசலாம். இதை முக்கியமாக மூத்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் கூப்பிடாமல் இருப்பீர்கள்.

கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். எத்தனாவதாகப் பிறந்தோம் என்பது நம் தாங்கும் சக்தியை நிர்ணயிப்பதாகத் தெரியவில்லை. எத்தனை பேரின் பாரத்தை, எவ்வளவு அதிகாரத்தோடு, யார் துணையோடு சுமக்கிறோம் என்பதுதான் நிர்ணயிக்கிறது. முதலாவது பகவான் கொடுத்தது, அதை மாற்ற முடியாது. இரண்டாவது நாம் வீட்டில் ஏற்படுத்தி வைத்தது, அதை இந்த மாதமே மாற்றலாம்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், கடைக்குட்டிகள் எல்லாரும் அண்ணாவுக்கோ அக்காவுக்கோ ஒரு போன் போடுங்கள். பணம் கேட்க வேண்டாம், யோசனை கேட்க வேண்டாம். "நீ எப்படி இருக்கே? சரியாத் தூங்கறியா?" என்று மட்டும் கேளுங்கள். "எனக்கென்ன, நன்னா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். உடனே வைத்து விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

 நாற்காலிகளை இன்றைக்கு இளையவர்கள் எடுத்து வையுங்கள்.